பெரிய கோயிலில் அடிபட்ட தியோடலைட்

தஞ்சாவூர் பெரிய கோயிலைப் பற்றி யாரைக் கேட்டாலும் உடனே வந்து விழும் செய்திகள் சில உண்டு. உச்சியில் இருப்பது ஒரே கல், அது 80 டன், விமானத்தின் நிழல் தரையில் விழாது... (நிழல் நன்றாகவே விழுகிறது. சாயங்காலம் போய் நின்று பார்த்தால் தெரியும்.) ஆனால் இதே கோயிலில் 1808-ல் நடந்த ஒரு விபத்தைப் பற்றி ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. செத்தவர் யாருமில்லை. அடிபட்டது ஒரு கருவி. ஆனால் அந்த அடி, இந்தியாவின் வரைபடம் எந்த அளவுக்கு நம்பத் தகுந்தது என்ற கேள்வியைக் கிளப்பிவிட்டது.

அந்தக் கருவியின் பெயர் தியோடலைட். ரோடு போடும் இடங்களில் மூன்று கால் ஸ்டாண்டின் மேல் ஒரு பெட்டியை வைத்து ஒருவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அதன் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். லண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்தது. எடை சுமார் அரை டன். இதன் உயிர்நாடி, கிடையாக வைத்த 36 அங்குல விட்டமுள்ள உலோக வட்டம். அந்த வட்டத்தின் விளிம்பில் பாகைகளும் அதன் பகுதிகளும் மிக நுணுக்கமாகக் கீறப்பட்டிருக்கும். மேலே சுழலும் தொலைநோக்கியை ஒரு இலக்கின் மேல் வைத்து, வட்டத்தில் என்ன எண் என்று மைக்ராஸ்கோப் வழியாகப் படிப்பார்கள். பிறகு தொலைநோக்கியைத் திருப்பி அடுத்த இலக்கு. இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் கோணம்.

துப்பாக்கி ஸ்கோப்பைப் பற்றிப் படித்திருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதியாகத் தோன்றும். அதுவும் இதன் சொந்தக்காரப் பையன்தான். இரண்டிலும் தொலைநோக்கி, இரண்டிலும் குறுக்கு இழை, இரண்டிலும் பார்வையை இம்மி இம்மியாக நகர்த்தும் திருகு. ஸ்கோப்பில் ஒரு 'கிளிக்' திருப்பினால் பார்வை பெரும்பாலும் கால் நிமிடக் கோணம் நகரும், அதாவது 100 கஜ தூரத்தில் ஏறத்தாழ கால் அங்குலம். இரண்டுக்கும் வரும் வியாதிகளும் ஒன்றே. திருகை ஒரு பக்கம் திருப்பி மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் பார்வை பழைய இடத்துக்கு வராது. கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே இழை இலக்கை விட்டு விலகும். பூட்டியிருக்கும் இடத்தில் ஆட்டம் இருக்கும். இவற்றைவிடப் பெரிய வியாதி, எங்கேயாவது பலமாக இடித்துக்கொள்வது. தஞ்சாவூரில் நடந்தது அதுதான்.

முதலில் அந்த அரை டன் கருவி கோயில் உச்சிக்கு ஏன் போனது என்று பார்ப்போம்.

வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணச் சண்டையில் இருந்தவர். ராத்திரியில் படை திசை தவறி எதிரி இருந்த பக்கமாகவே போய்க்கொண்டிருந்ததை வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சொன்னவர் என்று இவரைப் பற்றி ஒரு கதை உண்டு. திப்பு விழுந்தபின், தீபகற்பம் முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் திட்டத்தோடு கம்பெனியிடம் போனார். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைப் பக்கம் வேலை தொடங்கியது. ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை 100 அடிச் சங்கிலியால் அளந்தார்கள். அதற்கு மட்டும் 57 நாள் ஆயிற்று.

இந்த ஒரு கோடுதான் மூலதனம். இதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்தில் தெரியும் ஒரு மலையை தியோடலைட்டால் பார்த்துக் கோணங்களை எடுத்தால், மற்ற இரண்டு பக்கங்களின் நீளமும் கணக்கிலேயே கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதை வைத்து அதற்கடுத்தது... இப்படி மலைக்கு மலை தாவி நாடு முழுக்கப் போகலாம். திரும்பச் சங்கிலியை எடுக்க வேண்டியது எப்போதாவது, சரிபார்ப்பதற்குத்தான். 1804-ல் பெங்களூர் பக்கம் அப்படி ஒரு கோட்டை அளந்து பார்த்தபோது, சென்னையிலிருந்து கணக்குப் போட்டு வந்த நீளத்துக்கும் நேரில் அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு! கருவி அவ்வளவு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது.

மலை இருக்கும்வரை பிரச்சினை இல்லை. 1808-ல் லாம்ப்டன் காவிரிப் படுகைக்குள் நுழைந்தார். திருச்சி மலைக்கோட்டையை விட்டுக் கிழக்கே வந்தால் கடல்வரை மலை என்று சொல்ல ஒன்றுமில்லை. வயல், வாய்க்கால், தென்னந்தோப்பு, மூங்கில் புதர். பயிருக்குச் சொர்க்கம், சர்வேக்காரனுக்கு நரகம். பூமி உருண்டை என்பதால், ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் தரைத் தொடுவானம் சுமார் நாலரை கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். அதுவும் நடுவில் ஒரு தென்னை மரம்கூட இல்லாவிட்டால்! 60 மீட்டர் உயரம் ஏறினால் அதுவே 27 கிலோமீட்டருக்கு மேல் போகும். தஞ்சைச் சீமையில் தென்னை மரத்துக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தவை கோயில் கோபுரங்கள் மட்டும்தான். ஆகவே லாம்ப்டன் கோபுரங்களையே மலைகளாக எடுத்துக்கொண்டார். அவற்றில் பெரிய மலை, ராஜராஜன் 1010-ல் முடித்துவைத்த பெரிய கோயில் விமானம்.

அப்போது தஞ்சாவூரில் அரசராக இருந்தவர் இரண்டாம் சரபோஜி. 1799 ஒப்பந்தத்துக்குப் பிறகு நாட்டு நிர்வாகம் கம்பெனியின் கையில். அரசருக்குக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மரியாதையும். தன் வம்ச வரலாற்றை மராட்டியில் இதே கோயில் சுவரில் 1803-ல் வெட்டிவைத்தவர் அவர். அறிவியல் கருவிகளை வாங்கிச் சேர்ப்பதிலும் ஆசை உள்ளவர். அப்படிப்பட்டவரின் ஊரில் இந்தக் கருவிக்கு இப்படி ஆனது ஒரு விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

விபத்தின் விவரம் நமக்குக் கிடைப்பது ஜார்ஜ் எவரெஸ்ட் பிற்பாடு எழுதியதிலிருந்து. எவரெஸ்ட் 1818-ல்தான் லாம்ப்டனிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அதனால் இது நேரில் பார்த்த சாட்சி அல்ல, கூட இருந்தவர்கள் சொல்லக் கேட்டது. அவர் சொல்வது இதுதான்: பெட்டியோடு கருவியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி சுவரில் உரசாமல் இருக்க, பக்கவாட்டில் விலக்கிப் பிடிக்கும் கயிறுகள் கட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்று அறுந்தது. பெட்டி வேகமாக ஊஞ்சலாடிப் போய்க் கற்சுவரில் மோதியது. மோதிய பக்கம் எது? வட்டத்தைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப்பும் அதை நுணுக்கமாக நகர்த்தும் திருகும் இருந்த பக்கம். அடி முழுவதும் அவற்றின் வழியாக வட்டத்துக்குள் இறங்கியது. வட்டம் வட்டமாக இல்லை. நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் ஆரக்கால்களும் வளைந்துபோயின.

இது எவ்வளவு பெரிய சேதம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கும். வட்டத்தின் ஆரம் 18 அங்குலம். ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு, விளிம்பில் எவ்வளவு தூரம்? ஒரு மில்லிமீட்டரில் சுமார் 450-ல் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் பருமன் அளவுக்கு ஒரு கீறல் இடம் மாறினால் கோணத்தில் ஏறத்தாழ அரை நிமிடம் தப்பு. ஸ்கோப் கணக்கில் இரண்டு கிளிக். துப்பாக்கிக்காரருக்கு 100 கஜத்தில் அது அரை அங்குலம்தான், பெரிதாகத் தெரியாது. லாம்ப்டன் பார்த்ததோ 30 கிலோமீட்டர் தூரத்து இலக்கை. அங்கே அதே முடியளவுப் பிழை நான்கு மீட்டருக்கு மேல் போகும். அந்தத் தப்பு அடுத்த முக்கோணத்துக்கும் போகும், அதற்கடுத்ததற்கும் போகும்.

வேறு கருவி வரவழைக்கலாமே என்று தோன்றும். லண்டனுக்குக் கடிதம் கப்பலில் போய், அங்கே கருவி செய்து முடித்து, அது கப்பலில் வந்து சேர்வதற்குள் வருடங்கள் ஓடிவிடும். இதே கருவி முதல் தடவை வரும்போதே, கொண்டுவந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரிஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிரான்சும் இங்கிலாந்தும் சண்டையில் இருந்த நேரம். ஆனாலும் அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அந்தத் தீவின் கவர்னர் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். எதிரி பத்திரமாகத் திருப்பிக் கொடுத்ததைச் சொந்த ஆட்கள் சுவரில் மோதவிட்டார்கள் என்றால் லாம்ப்டனுக்கு எப்படி இருந்திருக்கும்!

அவர் செய்தது இது. கூடாரத்துக்குள் போய் அடைத்துக்கொண்டார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர வேறு யாருக்கும் உள்ளே அனுமதியில்லை. கருவியைத் திருகு திருகாகக் கழற்றினார்கள். ஒரு பெரிய தட்டைப் பலகையில், வட்டம் எந்த அளவில் இருக்க வேண்டுமோ அதே அளவில் ஒரு வட்டத்தை வெட்டிக்கொண்டார்கள். நெளிந்த வட்டத்தை அதில் பொருத்தி, ஆப்பு, திருகு, கப்பி எல்லாம் வைத்து உள்வாங்கிய இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார்கள். வளைந்த ஆரக்கால்களைச் சிறிய கொட்டாப்புளியால் தட்டித் தட்டி நேராக்கினார்கள். ஆறு வாரம் பிடித்தது. கடைசியில் கருவி ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு வந்தது.

அந்தக் கைவினைஞர்கள் யார்? எவரெஸ்டின் கதையில் பெயர் இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பேசும் கருவியை மரச்சுத்தியால் நேராக்கியவர்களுக்கு ஒரு வரி கிடைத்திருக்கலாம்.

'ஏறக்குறைய' என்ற சொல்லில்தான் சிக்கல். வட்டத்தைத் திரும்ப வட்டமாக்கிவிடலாம். ஆனால் நசுங்கி, பிறகு இழுபட்ட உலோகத்தின் மேல் இருக்கும் கீறல்கள்? அந்த இடத்தில் ஒரு பாகை கொஞ்சம் பருத்தும் அடுத்தது கொஞ்சம் மெலிந்தும் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கருவி ஆடாது, இறுகாது, மிருதுவாகச் சுழலும். ஒரே கோணத்தைப் பத்துத் தடவை அளந்தால் பத்துத் தடவையும் ஒரே விடையைச் சொல்லும். ஆனால் பத்தும் தப்பு!

ஸ்கோப்பில் பழுது பார்ப்பவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். ஐந்து குண்டும் ஒரே ஓட்டைக்குள் விழுகிறது, ஆனால் குறிக்கு இரண்டு அங்குலம் தள்ளி. குண்டுகள் ஒன்றாக விழுவது வேறு, குறியில் விழுவது வேறு. அதனால்தான் அவர்கள் 'பெட்டிச் சோதனை' ஒன்று செய்வார்கள். ஒரு குண்டு சுட்டுவிட்டு, 20 கிளிக் மேலே, சுடு. 20 கிளிக் வலது, சுடு. 20 கீழே, சுடு. 20 இடது, சுடு. கடைசிக் குண்டு முதல் ஓட்டையிலேயே விழ வேண்டும், நாலு ஓட்டையும் சதுரமாக இருக்க வேண்டும். சதுரம் கோணலானால் திருகோ, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கோ, பூட்டியிருக்கும் விதமோ சரியில்லை. ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன்பு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார் என்பது அனுபவஸ்தர்களின் முதல் பாடம். திருகைக் கடைசியாக எப்போதும் ஒரே திசையில் திருப்பி நிறுத்து என்பது இரண்டாவது. திருகின் மரைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அப்போதுதான் ஏமாற்றாது.

சர்வேக்காரர்களின் சோதனைகளும் இதே ரகம். சுற்றியுள்ள எல்லா இலக்குகளையும் வரிசையாகப் பார்த்து முழு வட்டம் வந்து முதல் இலக்கைத் திரும்பப் பார்த்தால் பழைய எண்ணே வர வேண்டும். வரவில்லை என்றால் நடுவில் ஏதோ நகர்ந்திருக்கிறது. வட்டத்தை எதிரெதிரான இரண்டு இடத்தில் படித்துச் சராசரி எடுத்தால், வட்டத்தின் மையம் விலகியிருக்கும் தப்பு அடிபட்டுப்போகும். ஆனால் வட்டமே நெளிந்திருந்தால் இது போதாது. அதற்கு வேறு மருந்து வேண்டும். ஒரு கோணத்தை வட்டத்தின் ஒரே பகுதியில் திரும்பத் திரும்ப அளக்காமல், வட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பல பகுதிகளில் அளப்பது. ஒரு பகுதி கூட்டிச் சொன்னால் இன்னொரு பகுதி குறைத்துச் சொல்லும். எவரெஸ்ட் காலத்தில் இது கட்டாய வழக்கமானது.

முக்கோணமே ஒரு சாட்சி என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை வர வேண்டும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். பூமி உருண்டை என்பதால் கொஞ்சம் கூடுதலாக வரும்; ஒவ்வொரு 75 சதுர மைல் பரப்புக்கும் சுமார் ஒரு விகலை. அதற்கு மேலும் இடித்தால் எங்கோ தப்பு. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது அப்படியே இருப்பாய்வு மாதிரி. பற்றும் வரவும் பொருந்தவில்லை என்றால் தப்பு நிச்சயம். பொருந்திவிட்டால் தப்பே இல்லை என்று அர்த்தமா? இல்லை. ஒரு கணக்கின் பற்றில் 100 ரூபாய் கூடி, இன்னொன்றின் வரவில் 100 ரூபாய் கூடியிருந்தால் இருப்பாய்வு சிரித்துக்கொண்டே பொருந்திவிடும். ஈடுசெய் பிழை என்று பதினோராம் வகுப்பிலேயே படித்ததுதான். முக்கோணத்திலும் ஒரு கோணம் மூன்று விகலை கூடி, இன்னொன்று மூன்று விகலை குறைந்தால் கூட்டுத்தொகை அப்படியே இருக்கும். அதைப் பிடிக்க ஒரே வழி, வெளியிலிருந்து ஒரு சாட்சியைக் கூப்பிடுவது. அதாவது திரும்பச் சங்கிலியை எடுத்துத் தரையில் ஒரு கோட்டை அளந்து பார்ப்பது. 1809-ல் திருநெல்வேலிப் பக்கம் லாம்ப்டன் அப்படி ஒன்றை அளந்தார். 1811-ல் கூத்தியில் இன்னொன்று. அடிபட்ட கருவியோடு அவர் நிற்கவில்லை. வடக்கே ஹைதராபாத், பீதர் என்று போய்க்கொண்டே இருந்தார். 1823 ஜனவரியில் வார்தா பக்கம் ஹிங்கன்காட்டில் இறந்தபோதும் பயணத்தில்தான் இருந்தார்.

பின்னால் வந்த எவரெஸ்டுக்கு லாம்ப்டன்மேல் மரியாதை உண்டு, கருவிமேல் நம்பிக்கை குறைவு. 1825-ல் இங்கிலாந்து போய், 1830-ல் புதுக் கருவிகளோடு திரும்பினார். கூடவே ஹென்றி பாரோ என்ற கருவிச் செய்வினைஞரும் வந்தார். பழைய கேரி தியோடலைட்டை பாரோ 1830-களில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி செய்தார். தஞ்சாவூர் காயத்துக்கு உண்மையான வைத்தியம் கிடைத்தது அப்போதுதான், கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு கழித்து. பாரோவுக்கும் எவரெஸ்டுக்கும் ஒத்துப்போகவில்லை. பாரோ போனபின் 1840-களில் அந்த வேலைக்கு வந்தவர் நம் ஆற்காட்டுக்காரர், சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். சென்னையில் ஒரு நகைக்கடையில் கடிகார வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். ஐரோப்பியக் கருவிப் பட்டறைகளைக் கண்ணால்கூடப் பார்க்காமல் இந்தப் பெரிய தியோடலைட்டுகளைக் கட்டி மேய்த்தார். இந்தத் தடவையாவது பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

எவரெஸ்ட் தஞ்சாவூரிலிருந்து கற்றுக்கொண்ட இன்னொன்றும் உண்டு போலிருக்கிறது. கங்கைச் சமவெளியும் காவிரிப் படுகை மாதிரித் தட்டைதான். அங்கே அவர் இருக்கிற கட்டடங்களை நம்பாமல், கருவிக்கென்றே சுமார் 50 அடி உயரக் கோபுரங்களைக் கட்டவைத்தார். செலவு பெரிது. ஆனால் நெடுவரை வில் என்ற அந்த அளவையின் வடகோடிக்கு அதில்தான் போய்ச் சேர்ந்தார்கள். அதைத் தொடர்ந்த இமயமலை அளவையில்தான் 1856-ல் அறிவித்த 29,002 அடி சிகரம் கிடைத்தது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அப்படியானால் தெற்கே லாம்ப்டன் அளந்தது? பீதருக்கும் சிரோஞ்சுக்கும் இடைப்பட்ட பழைய வேலையை எவரெஸ்ட் காலத்திலேயே, 1838-லிருந்து 1841-க்குள், புதுக் கருவிகளால் முழுக்கத் திரும்பச் செய்தார்கள். தெற்குப் பகுதியின் முறை 1860-களின் கடைசியில் வந்தது. 1868-ல் பெங்களூரில் புதிதாக ஒரு அடிக்கோடு, அடுத்த வருடம் கன்னியாகுமரிப் பக்கம் இன்னொன்று, நடுவில் 1870-கள் வரைக்கும் புது முக்கோணங்கள். அந்தக் கயிறு அறுந்து அறுபது வருடம் ஆகியிருந்தது.

விமானத்தின் மேல் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் மாதிரி ஒரு உருவம் உண்டு. கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் கையை நீட்டிக் காட்டுவார்கள். தரங்கம்பாடிக்கு வந்த டேனிஷ்காரர் என்று சிலர், வெள்ளைக்காரன் ஆட்சி வரும் என்று ராஜராஜனுக்கு அப்போதே தெரியும் என்று சிலர். லாம்ப்டனின் பெட்டி இடித்து உடைந்த சிலைக்குப் பதிலாக வைத்தது என்றும் ஒரு கதை ஓடுகிறது. எதற்கும் ஆதாரம் கிடையாது. சுதை உருவங்கள் காலத்துக்குக் காலம் பழுது பார்க்கப்பட்டவை, யார் எப்போது எந்தத் தலையில் தொப்பி வைத்தார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். தியோடலைட் மட்டும் பத்திரமாக இருக்கிறது, டேராடூனில், சர்வே ஆஃப் இந்தியாவின் பாதுகாப்பில்.